இடதுபக்கமாகவே ஒரு தீவைச் சுற்றி

2008 மே 11, ஞாயிறு. காலை ஒன்பதே கால் மணிக்கு, மதுரை விளாங்குடியில் எங்கள் வீட்டு நடு அறையிலிருந்து புறப்பட்டோம். பயணிகள் மூவர். வண்டியோட்டி என் மனைவி செல்வி. அவளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். பின்னால் சோபாவில் மாடி வீட்டு ரமா பாய் அக்கா, மடியில் ஒரு டப்பா முறுக்குடன். போக வேண்டிய இடம், கணினித் திரையின் மூலையில் நீலமாகத் தெரிந்த ஒரு பனிமலை.

இப்படி ஒரு பயணத்துக்குக் காரணம் உண்டு. ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்து எழுதிவைப்பது என் வழக்கம். வீட்டில் அரை நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் எனக்குக் கால் துறுதுறுக்கும். அந்த மே மாதம் மட்டும் செல்வி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "என் டெஸ்ட் முடியற வரைக்கும் ஊரு சுத்தப் போகக்கூடாது. போனீங்க, அப்படியே இருந்துக்கங்க."

டெஸ்ட் என்பது கார் லைசென்ஸ் டெஸ்ட். பல வருடம் காத்திருந்து அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் வாடிப்பட்டியிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டரில் ஒரு கிராமம். அந்தக் கிராமத்துக்கு நாளுக்கு இரண்டே பஸ். காலை பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்னே கிளம்ப வேண்டும். மாலை பஸ்ஸில் திரும்பினால் வீடு சேர எட்டரை ஆகும். அவளுடைய அப்பா ஒரு பழைய வெளிர்நீல மாருதியை எங்களிடம் விட்டிருந்தார். என் வலது கண்ணில் பார்வை குறைவு, எனக்கு லைசென்ஸ் கிடைக்காது. ஆகவே அவள் ஓட்ட வேண்டும். ஓட்ட முடியாவிட்டால் வாடிப்பட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்குவது, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவது என்று பேசி முடித்திருந்தோம். பேசி முடித்தோமே தவிர, அந்த அறையைப் பார்க்க இருவரும் போகவில்லை.

டெஸ்டில் அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் முறை வண்டி நின்றுபோனது. இரண்டாவது முறை எதிரே ஒரு டவுன் பஸ் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ராஜாங்கம் கைப்பிரேக்கை இழுத்ததால் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

"கையி, காலு, கியரு, எல்லாம் சுத்தம் சார்" என்று ராஜாங்கம் என்னிடம் சொன்னார். "எதிர ஒரு வண்டி வந்துட்டாப் போதும், டீச்சரம்மா சாமி கும்பிட ஆரம்பிச்சுர்றாக."

"வேணும்னேவா மூடுறேன்? அதுவாத்தாங்க மூடிக்குது" என்றாள் செல்வி.

செல்வியின் தம்பி வெளிநாடு போகும்போது தன் கணினியை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதோடு மேசையில் பொருத்தும் ஒரு ஸ்டியரிங், தரையில் வைக்கும் இரண்டு பெடல், ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. மற்ற பந்தய விளையாட்டுகளைப்போல் ஒரே வட்டத்தைச் சுற்றுவதல்ல இது. ஒரு முழுத் தீவையே உள்ளே வைத்திருக்கிறார்கள். தெற்கில் துறைமுகமும் நகரமும், நடுவில் கடலை ஒட்டிய நெடுஞ்சாலை, வடக்கில் மலை. எந்தத் தெருவிலும் நுழையலாம், எங்கும் நிற்கலாம். பெட்ரோல் தீராது. விளையாட்டின் அட்டையில் இதைப் படித்தவுடன் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியூர் போகக்கூடாது என்றுதானே சொன்னாள், வெளிநாடு போகக்கூடாது என்று சொல்லவில்லையே.

முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தது நான்தான். துறைமுகத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு கம்பம், ஒரு சுவர், ஒரு நிழற்குடை. செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எந்திரிங்க" என்றாள்.

புறப்படுமுன் ரமா பாய் அக்கா மாடிக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். புது வண்டி என்றால் டயருக்கடியில் பழம் வைத்து நசுக்கித்தான் எடுக்க வேண்டும், டயர் இல்லாவிட்டால் என்ன என்பது அவர் கட்சி. பழத்தை ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் வைத்தார். செல்வி மிதித்தாள். அன்று முழுக்க அந்தப் பெடல் பிசுபிசுவென்று ஒட்டியது. எங்கள் வண்டி வேகம் எடுத்தால் குறைய மறுத்தது.

பத்து மணி. நகரம். அகலமான சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மேம்பாலங்கள். அந்தச் சந்திப்பின் ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ரமா பாய் அக்கா அதற்கு எங்கள் மதுரைச் சந்திப்பான காளவாசலின் பெயரையே வைத்தார். அதன் பிறகு வழி சொல்வது எளிதாகிவிட்டது. காளவாசலில் இறங்கி இடதுபுறம் போனால் கடல். நடைபாதைகள் சுத்தமாக இருந்தன, ஆனால் நடக்க ஒருவரும் இல்லை. ஒரு டீக்கடை இல்லை, மாடு இல்லை, சுவரொட்டி இல்லை. தேர்தல் முடிந்து எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

எங்கள் வண்டிக்கு ஹாரன் கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடிக்க வேண்டும் என்று மாஸ்டரிடம் பழகிய செல்விக்கு இது பெரிய குறை. முதல் வளைவிலேயே அவள் "பாம் பாம்" என்று வாயாலேயே அடித்தாள். இல்லாத கிளட்சை இடது கால் தேடித் தேடித் தரையை மிதித்தது. பாதம் சிவந்துபோனதால் ஒரு தலையணையைப் போட்டேன்.

இந்தத் தீவில் ஒரு சட்டம் இருக்கிறது. வடக்கே மலைக்குப் போகும் பாலம் ஒரு தடுப்பு வைத்து மூடப்பட்டிருக்கும். மூன்று பந்தயங்களில் ஜெயித்தால்தான் தடுப்பு விலகும். சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கும் இதே சட்டம்தான். ஆகவே பதினொன்றரை மணிக்கு நாங்களும் ஒரு பந்தயத்தில் நின்றோம். எங்களோடு ஐந்து கார்கள். கொடி இறங்கியதும் ஐந்தும் சீறிக்கொண்டு போயின. செல்வி இண்டிகேட்டர் இல்லையா என்று கேட்டுவிட்டு, மெதுவாக எடுத்தாள். முதல் சந்திப்பில் நிறுத்திவிட்டாள்.

"ஏன்டி நிக்கிற?" என்றார் ரமா பாய் அக்கா.

"செவப்பு விழுந்திருக்குக்கா."

"அடியே, அவங்கல்லாம் போயிட்டாங்கடி!"

"போறவங்க போகட்டும். பிடிச்சா அபராதம் அவங்கதான கட்டணும்."

பச்சை விழுந்ததும் கிளம்பினோம். பந்தயம் முடிந்து மற்றவர்களுக்குப் பரிசு கொடுத்த பிறகும் நாங்கள் பாதி வழியில் வந்துகொண்டிருந்தோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. இந்தத் தீவில் வண்டிகள் சாலையின் வலதுபக்கமாகப் போகின்றன. செல்வி இடதுபக்கமாகப் போனாள். நான் எடுத்துச் சொன்னேன்.

"செல்வி, இந்த நாட்டுல வலதுபக்கந்தான்."

"இந்த நாட்டுலயா எனக்கு டெஸ்ட்டு?"

"அதுக்கில்ல. எதிர வர்றவன் அத்தனை பேரும் நம்ம மேலதான் வருவான்."

"வரட்டும். இங்க வலதுபக்கம் பழகிட்டு, அங்க போயி வலதுபக்கம் ஏத்துனேன்னு வச்சுக்கங்க, மாஸ்டர் என்ன கொன்னே போட்டுருவாரு. இடதுபக்கம்னா இடதுபக்கந்தான்."

அப்படித்தான் ஆயிற்று. தீவிலுள்ள லாரி, பஸ், டாங்கர் அத்தனையும் எங்களுக்கு நேர் எதிரே வந்தன. முதல் லாரி வந்தபோது செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய சத்தம். ரமா பாய் அக்கா பயம் வந்தால் சௌராஷ்டிரத்தில் கத்துவார். எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் தொனியிலிருந்து அது ஏதோ ஒரு தெய்வத்தின் பெயர் என்று ஊகித்தேன். வண்டி வானத்தில் உருண்டு எழுந்து, பிறகு ஒரு கீறலும் இல்லாமல் சாலையில் வந்து நின்றது.

செல்வி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நிக்குது."

"நெளியக்கூட இல்லையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் இடதுபக்கமாகவே எடுத்தாள்.

மே 14, புதன். அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வந்தேன். நூற்பாலைக் கணக்குகளை முடித்துவிட்டுப் பஸ்ஸில் வரும்போதே மனம் முழுக்கப் பாலத்தின் அந்தத் தடுப்பில் இருந்தது. வீட்டில் செல்வி ஏற்கெனவே கடற்கரைச் சாலையில் இருந்தாள். எதிரே ஒரு டாங்கர். கண் மூடவில்லை. ஆனால் இரண்டு கையும் இறுகி, வண்டி நேராக அதன்மேல் ஏறியது.

"ஒதுங்கணும்" என்றேன்.

"தெரியும். கண்ணு தெறந்துருந்துச்சுல்ல? இன்னைக்கு அது போதும்."

மே 18, ஞாயிறு. இப்போது அவள் ஒதுங்கக் கற்றிருந்தாள். பிரேக் போட்டாலும் எதிரே வருபவன் நிற்காமல் இடிக்கிறான், வலதுபக்கம் திரும்பினால் அங்கே வேறு வண்டி. ஓரத்து மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி, வேகத்தை விடாமல் தாண்டுவதுதான் ஒரே வழி என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஆனால் பந்தயம் ஒன்றிலும் ஜெயித்தபாடில்லை. காரணம் நான். "திருப்பு, திருப்பு… பிரேக்கு… ஐயோ, அந்தப் பக்கம் போ" என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நான் கத்த, அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்க்க, வண்டி கடலுக்குள் போனது.

கடலுக்குள் போனதும் இந்த விளையாட்டில் சில விநாடி அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் செல்வி சொன்னாள்: "எந்திரிச்சுப் போயி சோபாவுல உக்காருங்க."

"வழி யாரு சொல்றது?"

"வழி எனக்குத் தெரியும். நீங்கதான் வழியில நிக்கிறீங்க."

ரமா பாய் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். "வாங்க தம்பி. இங்க நல்லா இருக்கும். முறுக்கு திங்கலாம். வாயும் சும்மா இருக்காது, பேச்சும் வராது."

அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு முதல் பந்தயத்தில் ஜெயித்தாள். எப்படி என்று சோபாவிலிருந்துதான் நன்றாகத் தெரிந்தது. வலதுபக்கம் போன ஐந்து பேரும் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி இடதுபக்கமாக, எதிரே வருகிற எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி, அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. நான் வாயில் முறுக்கை வைத்தபடி கடிக்காமல் இருந்தேன். இரண்டாவது பந்தயத்தில் பாதியில் மின்சாரம் போனது. மின்விசிறி நின்று, திரை கறுத்து, மூவரும் வேர்த்து வழிந்தோம். நான் மட்டும் எழுந்து வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காந்தாத்தான் என்ன?" என்றாள் செல்வி. "கரன்ட்டு நீங்க நடந்தா வருமா?"

இரண்டாவது வெற்றி செவ்வாயன்று, மூன்றாவது மே 22, வியாழன் மாலை. அன்றே தடுப்பு விலகியது. ஆனால் மலைக்குப் போவதை ஞாயிறுக்கு ஒத்திவைத்தாள். ரமா பாய் அக்கா இல்லாமல் போகக்கூடாதாம். அந்த இரண்டு நாளும் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

மே 25, ஞாயிறு. காலை பத்து மணிக்குப் பாலத்தைக் கடந்தோம். வண்டியின் மீட்டர்படி துறைமுகத்திலிருந்து மலை உச்சி இருபத்திரண்டு கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து வாடிப்பட்டி போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முதலில் பைன் மரங்கள். பிறகு ஒரு சுரங்கம். சுரங்கத்தைத் தாண்டியதும் சாலையோரம் வெள்ளை. மதுரை வெயிலில், ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிய அறையில் உட்கார்ந்து பனியைப் பார்ப்பது ஒரு விசித்திரமான அனுபவம். ரமா பாய் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கேலிக்குச் செய்தாரா, நிஜமாகவே செய்தாரா தெரியவில்லை.

உச்சியில் ஒரு வெட்டவெளி. செல்வி வண்டியை நிறுத்தினாள். கீழே கடல், நகரம், எங்கள் காளவாசல். சாலை அங்கே ஒரு கம்பித் தடுப்போடு முடிந்தது. அதற்கு அப்பால் மலை இன்னும் உயர்ந்துகொண்டே போனது. முட்டிப் பார்த்தோம், விடவில்லை. நான் தூரத்தில் பார்த்து ஆசைப்பட்ட மலை, தடுப்புக்கு அந்தப் பக்கத்து மலை.

"இவ்வளவு தூரம் வந்திருக்கோம், ஒரு சுக்குக் காப்பிக்கு வழியில்லயே" என்றார் ரமா பாய் அக்கா.

நான் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்றேன். சுற்றிலும் பார்த்துக் குறித்துக்கொள்ள நிறைய இருந்தது. செல்வி அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

"பாத்தாச்சுல்ல? நான் வந்தது ஏறுறதுக்கில்ல. எறங்குறதுக்கு."

அந்த இறக்கத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் மறைவிலிருந்து ஏதாவது ஒன்று நேர் எதிரே வந்தது. அவள் வாயால் ஹாரன் அடிக்கவில்லை. ஒரு சக்கரம் மண்ணில் இறங்கும், வண்டி உரசுகிற மாதிரி கடக்கும், சக்கரம் சாலைக்கு ஏறும். பாலம் வரும்வரை ஒரு தட்டலும் இல்லை. பாலத்தில் வந்து நிறுத்திவிட்டு எழுந்தவள், "சோறு வைக்கணும்" என்று உள்ளே போனாள். அதன்பிறகு அந்தத் தீவுக்கு அவள் போகவில்லை.

மே 29, வியாழன். மூன்றாவது டெஸ்ட். என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள். நடந்ததை மாஸ்டர் ராஜாங்கம்தான் வந்து சொன்னார். மைதானத்துச் சோதனை முடிந்து சாலைக்கு வந்ததும் எதிரே ஒரு டவுன் பஸ், ஷேர் ஆட்டோவை முந்திக்கொண்டு முழுச் சாலையையும் அடைத்து வந்தது.

"நான் கைப்பிரேக்குல கைய வச்சுட்டேன் சார். டீச்சரம்மா அசையல. லேசா எடப்பக்கம் எறக்குனாக, போயிக்கிட்டே இருந்தாக. ஆய்வாளரு என்னத் திரும்பிப் பாக்குறாரு, நான் டீச்சரப் பாக்குறேன். 'எங்கம்மா ஓட்டிப் பழகுனீங்க?'ன்னு கேக்குறாரு. 'ஒரு தீவுல சார்'ங்குறாக!"

லைசென்ஸ் கிடைத்தது. வாடிப்பட்டி அறையைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த திங்கள். நான் விடுப்புப் போட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க எங்க?" என்றாள் செல்வி.

"முதல் நாளு. கூட வாரேன். பின்சீட்டுலதான்."

"நீங்க கூட இருந்தா நான் ரோட்டப் பாக்க மாட்டேன். போயி வேலையப் பாருங்க."

ஏழே முக்கால் மணிக்குக் கார் தெரு திரும்பியது. இத்தனை வருடங்களில் கிளம்பிப் போனவன் எப்போதும் நான்தான். நின்று பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று அன்றுதான் அறிந்தேன். கணினியைப் போட்டேன். துறைமுகத்தைத் தாண்டவில்லை. அலுவலகத்துக்கும் போகவில்லை. நான்கு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. விளாங்குடி நிறுத்தத்தில் வாடிப்பட்டி பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். டிக்கெட் எட்டு ரூபாய். முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, டிரைவருக்கு இடப்புறம் ஒற்றை இருக்கை காலியாக இருந்தது.

பரவை, சமயநல்லூர். அதற்கு அப்பால் நால்வழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தை மூடி, போக்கும் வரத்தும் ஒரே பக்கத்தில். ஓரமெல்லாம் செம்மண். தீவின் சாலைகளை நினைத்துப் பார்த்தேன். அங்கே விழுந்தால் வண்டி கீறலில்லாமல் எழுந்து நிற்கும். இங்கே பள்ளத்தில் ஒரு லாரி நேற்றிலிருந்து அப்படியே கிடந்தது. அதன் நிழலில் கிளீனர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

எங்களுக்கு முன்னால் ஒரு செங்கல் லாரி. டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்தார், பிறகு வலதுபக்கம் முழுவதுமாக ஏறி முந்தத் தொடங்கினார். எதிரே தூசிக்குள்ளிருந்து ஒரு சின்ன வண்டி வந்தது. வெளிர்நீலம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "செல்வி! பிரேக்கு! பிரேக்கு!"

மாருதி பிரேக் போடவில்லை. ஒரு முறை விளக்கைப் போட்டு அணைத்தது. இடது சக்கரங்கள் செம்மண்ணில் இறங்கின, பின்னால் தூசி எழுந்தது, அது எங்களை ஒரு முழ இடைவெளியில் கடந்தது. கண்ணாடிக்குள் செல்வியின் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் கார் மறுபடி தாருக்கு ஏறியிருந்தது.

டிரைவர் பெருமூச்சு விட்டார். "நாந்தான் அவசரப்பட்டுட்டேன். அந்தப் பொம்பளையாளு தடுமாறியிருந்தா இன்னைக்கு அம்புட்டுத்தான்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், தெரிஞ்ச ஆளா?"

"என் வீட்டுக்காரம்மா."

"சும்மா சொல்லாதீக" என்றார் அவர், கியரை மாற்றியபடி.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்புறம் போய் நின்று, திரும்பும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். வீடு சேரும்போது மாருதி வாசலில் நின்றது. இடதுபக்கச் சக்கரங்களில் செம்மண் காய்ந்திருந்தது. செல்வி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன், முடிந்தவரை சாதாரணமாக.

"நல்லாத்தான் இருந்துச்சு. சமயநல்லூர் தாண்டி ஒரு பஸ்சு மேல ஏறி வந்தான். ஒதுங்கி வந்துட்டேன்." தன் காப்பியை ஊதிக்கொண்டாள். "முன்னால ஒரு ஆளு வெள்ளச் சட்டையில எந்திரிச்சு நின்னு, ஓட்டுறவன்கிட்டயா என்கிட்டயான்னு தெரியல, கத்திக்கிட்டே வந்தாரு."

நான் சட்டையில் படிந்திருந்த செம்மண் தூசியைத் தட்டினேன்.

"நாளைக்கு வேற பஸ்ல வாங்க" என்றாள் செல்வி. "அந்த டிரைவர் சரியில்ல."